எழுத்து அறியுமோ?

அறிவு என்பது எதன் குணம் என்னும் வினா சமய நூல்களிற் பலகாலும் ஆராயப்பெற்றது. அஃது உடம்பின் குணமே என்பர் உலகாயதர். உடம்பினைக் கருவியாகக் கொண்டு அறிவது உடம்பின் வேறாய உயிரே என்பது சைவ சித்தாந்தத் துணிபு. இவ்வினாவை மீண்டும் எழுப்புதற்குரிய முயற்சியொன்று இக்காலத்து ஆராய்ச்சிச் சாலைகளில் நடைபெற்று வருகின்றது. உயிர்களின் உடம்பகத்தே தந்தை தாயர் வழியாக இறங்கிவரும் நுண்பொருள் டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு. அம்மூலக்கூற்றினையே ஏடாகக் கொண்டு, அதன்கண் நூலும் பாட்டும் படமும் எழுதிவைத்து, மீள எடுத்துப் படித்தும் காட்டினர் விஞ்ஞான அறிஞர் சிலர்.

இதனைக் கேள்வியுற்றோருள் ஒருசாரார், உடம்பினை ஆக்கும் பொருளே நூலையும் தாங்குமாயின் அறிவும் அப்பொருளின் தன்மையே என்பது பெறப்பட்டது, உயிர் என வேறொன்று கொள்வது எற்றுக்கு என்பர். மற்றொருசாரார், பெரியோர் கூறிய வினைப்பதிவு இதுவே, சாத்திரம் மெய்யாயிற்று என்று மகிழ்வர். இவ்விரு கூற்றும் ஆராயத்தக்கன. அவற்றின்கட் புகுமுன் நிகழ்ந்தது யாது என்பதனை உள்ளவாறு அறிதல் வேண்டும். பொருளியல்பு அறியாது தொடுக்கும் வாதம் எத்திறத்தார்க்கும் வெற்றுரையாய் முடியுமாகலின்.

டி.என்.ஏ. என்பது நீண்டதோர் இழை. சுவிட்சர்லாந்து நாட்டினராகிய மீஷர் என்னும் அறிஞர் 1869ஆம் ஆண்டில் ஜெர்மனியின் தூபிங்கன் நகரில், புண் கட்டிய துணிகளிற் படிந்த சீழிலிருந்து இப்பொருளை முதன்முதற் பிரித்தெடுத்தார். இதன் வடிவம் தெளிவானது 1953ஆம் ஆண்டில். இலண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையார், வில்கின்ஸ் முதலியோர் எக்ஸ் கதிர்கொண்டு கண்ட சான்றுகளைத் துணையாகக் கொண்டு, கேம்பிரிட்ஜில் வாட்சன், கிரிக் என்னும் இருவர் அது முறுக்கிய ஏணி போன்ற இரட்டை இழை என வெளியிட்டனர். அவ்வேணியின் படிகளாய் நிற்பன அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கே பொருள்கள். ஓரிழையில் அடினைன் நின்றவிடத்து எதிரிழையில் தைமின் நிற்கும். குவானைன் நின்றவிடத்துச் சைட்டோசின் நிற்கும். ஆகவே ஓரிழை கிடைத்தவழி அதன் இணையும் பெறப்படும். இந்நான்கனையும் நான்கு எழுத்தெனக் கொள்ளின், மக்களுடம்பில் பெற்றோருள் ஒருவர் வழியாக வரும் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்தாலாயதொரு தொடர் ஆகும்.

இனி, இதன்கண் எழுதுமாறு யாங்ஙனமெனின், கணிப்பொறியானது எவ்வகை நூலையும் படத்தையும் இசையையும் சுழி, ஒன்று என்னும் இரண்டே குறிகளாக மாற்றிச் சேமிப்பது. அவ்விருகுறித் தொடரை முன்னர் வகுத்துக்கொண்டதோர் அட்டவணைப்படி நான்கெழுத்துத் தொடராக மாற்றுவர். பின்னர் அத்தொடர்க்கு ஒத்த டி.என்.ஏ. இழைகளை இரசாயன முறையால் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து ஆக்குவர். இதுவே எழுதுதல். அவ்விழைகளின் எழுத்து வரிசையைப் பொறியாற் கண்டு, அதே அட்டவணையைக் கொண்டு சுழியும் ஒன்றுமாக மீட்டு, நூலாக்குதல் படித்தல். பொதுவாக இவ்விழைகள் யாதோர் உயிரின் உடம்பினின்றும் எடுக்கப்படுவன அல்ல. குப்பியினுட் புதிதாக ஆக்கப்படுவன.

2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துச் சர்ச், காவோ, கோசூரி என்போர் ஏறக்குறைய 53,400 சொற்கொண்ட நூலொன்றனையும் 11 படங்களையும் இவ்வாறு எழுதினர். 159 எழுத்துக்கொண்ட சிற்றிழைகள் ஏறத்தாழ 55,000 ஆக்கப்பட்டன. சுவடியில் ஏட்டுக்கு எண்ணிடுதல் போல ஒவ்வொரு சிற்றிழையினும் அதன் இடங்காட்டும் குறியும் அமைக்கப்பட்டது. மீளப் படித்தபோது 50 இலட்சத்திற்கு மேற்பட்ட குறிகளுள் 10 மட்டுமே பிழைபட்டன.

அடுத்த ஆண்டாகிய 2013இல், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜை அடுத்த ஹிங்ஸ்டன் என்னும் ஊரிலுள்ள ஐரோப்பிய உயிர்த்தகவல் நிலையத்தாராகிய கோல்டுமன், பர்னி முதலியோர் தாம் எழுதியவற்றை வெளியிட்டனர். ஷேக்ஸ்பியர் பாடிய 154 சானட் பாக்கள், மார்ட்டின் லூதர் கிங் 1963இல் நிகழ்த்திய சொற்பொழிவின் 26 நொடிப் பகுதி, வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் வடிவத்தை உலகுக்கு அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரை என்பன அவற்றுள் அடங்கும். 1,53,335 வகைச் சிற்றிழைகள் கலிபோர்னியாவில் ஆக்கப்பட்டு, ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிற் படிக்கப்பட்டன. அவையனைத்தும் சேர்ந்து குப்பியின் அடியிற் கிடந்த துகளளவே இருந்தன.

இவ்வறிஞர் இவ்வளவு அருமையான ஏட்டினை நாடியது நீடித்து நிற்றல் கருதியே. காந்த நாடாக்களிற் பதிந்தவை சில பத்தாண்டுகளிற் கெடத் தொடங்கும். அவற்றை மீள மீளப் படியெடுத்தல் வேண்டும். டி.என்.ஏ.யோ தட்பத்தில் நெடுங்காலம் நிற்பது. சைபீரியாவின் உறைநிலத்திற் புதைந்த மாமத யானையின் பல்லினின்று, 10 இலட்சம் ஆண்டிற்கு மேற்பட்ட பழமையுடைய டி.என்.ஏ.யைப் படித்தமை 2021இல் வெளியாயிற்று. நியூயார்க்கில் எர்லிக், சீலின்ஸ்கி என்னும் இருவர் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி ஒரு கிராம் டி.என்.ஏ.யில் 21 கோடியே 50 இலட்சம் கிகாபைட் அளவு எழுதலாம். ஆயினும் அவர் எழுதியது 2 மெகாபைட்டிற்குச் சிறிது மேற்பட்டதே. அதனை ஆக்க 7,000 டாலரும் படிக்க 2,000 டாலரும் செலவாயின. 2019இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரும், இடையே மனிதர் கைபடாது தானே எழுதிப் படிக்கும் பொறியொன்று அமைத்தபோது, ஐந்தெழுத்தாலாய ஆங்கில முகமன்சொல் ஒன்றை எழுதிப் படித்தற்கு 21 மணி நேரம் சென்றது. எனவே இது பெருமுயற்சியின் தொடக்க நிலை என்றே கொள்ளத்தகும்.

நிகழ்ந்தது இது. இனி உலகாயதர் கூற்றை நோக்குக. "நூல் என்பது அறிவு. நூல் டி.என்.ஏ.யில் தங்கிற்று. ஆகவே அறிவு டி.என்.ஏ.யில் தங்கிற்று. உடம்பும் டி.என்.ஏ.யின் வழியே ஆவது. ஆதலின் உடம்பின்கட் காணப்படும் அறிவும் அதன் குணமே" என்பது அவர் வாதத்தின் நடை. இதனுள் முதற்கூறே வழுவுடைத்து. நூல் அறிவினைத் தோற்றுவித்தற்குத் துணையாவது, அறிவு அன்று. விளக்கு காட்சிக்குத் துணையாதல் பற்றி விளக்கே காண்கின்றது என்பார் இலர். அதுபோல எழுத்து அறிதற்குத் துணையாதல் பற்றி எழுத்தே அறிகின்றது எனல் பொருந்தாது. மேற்கூறிய ஆராய்ச்சிகளே இதற்கு மூன்றுவகையாற் சான்றாகின்றன.

முதலாவது, இவ்வெழுத்துக்களின் பொருள் இடுகுறியால் வருவது. ஹார்வர்டு அறிஞர் அடினைனையும் சைட்டோசினையும் சுழியெனவும், குவானைனையும் தைமினையும் ஒன்றெனவும் வகுத்தனர். ஹிங்ஸ்டன் அறிஞரோ ஓரெழுத்து இரட்டித்து வருதலால் விளையும் பிழையை நீக்கக் கருதி, முன்னின்ற எழுத்தைப் பற்றியே பின்னின்ற எழுத்தின் பொருள் அமையுமாறு வேறோர் அட்டவணை வகுத்தனர். ஒருவர் அட்டவணையால் மற்றவர் இழையைப் படிப்பின் யாதொரு பாட்டும் தோன்றாது. இழையினிடத்து மாறுதல் சிறிதுமின்றி, படிப்பார் கொண்ட குறியீடு மாறியவழிப் பொருள் மறைந்தொழிதலின், பொருள் இழையின் குணம் ஆகாமை பெற்றாம். குணமாயின் குணியைவிட்டு நீங்காது. தீயின் வெம்மை எவர் தொடினும் சுடும். இழையின் பொருளோ குறியீடறிந்தார்க்கு மட்டுமே புலனாவது. அக்குறியீட்டை வகுத்தது அறிவுடைப் பொருள். அதனை ஏற்றுப் படிப்பதும் அறிவுடைப் பொருள். இடைநின்ற இழை சடம்.

இரண்டாவது, பலவற்றை ஒருங்குகூட்டி ஒன்றாக அறிவது இழையினிடத்து இல்லை. ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட சிற்றிழைகளுள் ஒவ்வொன்றும் தனக்குரிய சிறு துண்டினையே உடையது. பாவின் ஓரடியும் ஓரிழையில் நிறைவாக நின்றதென்று கொள்ளினும், அவ்வடிக்கு முன்னடியும் பின்னடியும் அஃது அறியாது. எல்லாம் ஒரு குப்பியிற் கிடப்பினும் ஆண்டு 'இப்பா இனிது' என்பார் ஒருவரும் இலர். கண் ஒளியையும் செவி ஒலியையும் தனித்தனியே பற்ற, அவையனைத்தையும் 'யான் கண்டேன், யான் கேட்டேன்' என ஒருங்கு கொள்வது பொறிகளின் வேறாய உயிரே என்பது சித்தாந்த நூலார் காட்டும் நெறி. ஈண்டும் அந்நெறி இனிது பொருந்துகின்றது.

மூன்றாவது, பெரிதும் சிந்திக்கத்தக்கது. டி.என்.ஏ.யின் வடிவம் இன்னதென விளக்கும் கட்டுரையே டி.என்.ஏ.யில் எழுதப்பட்டது என மேற்கூறப்பட்டது. தன் இயல்பைக் கூறும் நூலைத் தன்னகத்தே முற்றும் தாங்கியிருந்தும் அம்மூலக்கூறு தன்னை அறிந்ததன்று. தன்னையும் அறியாது, பிறிதையும் அறியாது நிற்பது சடம் என்பதே அசத்தின் இலக்கணமாகச் சாத்திரம் வகுத்தது. அவ்விலக்கணத்திற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

அற்றேல், குப்பியிற் கிடக்கும் இழை அறியாது கிடப்பினும், உயிருடைய உடம்பின்கண் அவ்விழை படிப்பார் இன்றித் தானே படிக்கப்பட்டுத் தொழில் புரிகின்றதன்றோ என்பார்க்கு விடை கூறுதல் வேண்டும். இத்தடை எளிதாகத் தள்ளத்தக்கதன்று. உயிரணுவினுள் மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்பட்டு, ஒவ்வொரு மூன்றெழுத்திற்கும் உரிய அமினோ அமிலம் கோக்கப்பட்டு, 20 வகை அமிலங்களால் எண்ணிறந்த புரதங்கள் ஆக்கப்படுகின்றன. இது மெய். ஆயினும் ஆண்டு நிகழ்வது தொழில். அறிவு என்பது வேறு. அச்சு பதிய எழுத்து விழுகின்றது; அச்சு நூலின் பொருளை உணர்ந்தது எனப்படாது.

இதற்கு 2017ஆம் ஆண்டில் ஹார்வர்டில் நிகழ்ந்ததோர் ஆராய்ச்சி தக்க எடுத்துக்காட்டு. மைபிரிட்ஜ் என்பார் 19ஆம் நூற்றாண்டில் எடுத்த ஓடும் குதிரையின் படங்கள் ஐந்தனை, ஷிப்மன், சர்ச் முதலியோர் எழுத்தாக்கி, உயிருள்ள பாக்டீரியங்களின் டி.என்.ஏ.யினுள்ளேயே புகுத்தினர். அவை உண்டு, வளர்ந்து, பிளந்து பெருகின. பின்னர் அவற்றின் டி.என்.ஏ.யைப் படித்து நூற்றுக்கு 90 அளவு பிழையின்றிக் குதிரையின் ஓட்டத்தை மீட்டனர். அந்நுண்ணுயிர்கள் குதிரையைத் தம் உடம்பில் எழுத்தாகச் சுமந்தன. தம் வழித்தோன்றல்களுக்கும் கொடுத்தன. எனினும் குதிரை என்பது அவற்றிற்கு ஒருபோதும் புலனாயிற்றில்லை. உயிருள்ள உடம்பின்கண் எழுதப்பட்டதும் அவ்வுடம்பையுடைய உயிரால் அறியப்பட்டதாகாது என்பது இதனாற் போதரும். எழுதப்படும் இடம் உயிருடைத்தோ இல்லதோ என்பது பற்றி அறிவு வருவதன்று. அறிவது தன்மையாகிய உயிர், தனக்கு உரிய கருவிவழிப் பொருளொடு கூடும்போதே அறிவு நிகழ்வது.

இன்னும், மூலக்கூறு அறியாதாயினும் மூளை அறியுமன்றோ என்பாரும் உளர். மூளையும் உறுப்பே, எனது கை என்பது போல எனது மூளை என வழங்குமாறு நிற்பதே. உடையானும் உடைமையும் ஒன்றாதல் இல்லை என்பது சித்தாந்தத்தார் முன்னரே கூறிய விடை. அவ்வாதத்தின் விரிவு சாத்திரங்களிற் காண்க. ஈண்டு ஒன்று கூறுதல் நேர்மை. டி.என்.ஏ.யில் நூல் எழுதிய இவ்வாராய்ச்சி உயிர் உண்டென்பதனைத் தனியே நிறுவும் ஏது அன்று. நிறுவவேண்டும் என்று அவ்வறிஞர் முயன்றதும் இல்லை. பதிவும் அறிவும் ஒன்றெனக் கொண்ட மயக்கத்தை அறுத்தற்கு மட்டுமே அது துணையாவது. அவ்வளவிற் கொள்வதே அளவை நூல் கற்றார்க்கு அழகு.

இனி, டி.என்.ஏ.யே வினைப்பதிவு என மகிழும் மற்றைச் சாராரை நோக்குதல் வேண்டும். இவர் நம்மவராதலின் இவர்க்குச் சொல்லும் விடை இன்னும் கருத்தொடு சொல்லத்தக்கது. கன்மம் என்பது உயிர் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் ஈட்டுவது. ஈட்டிய உயிரையே பற்றுவது. டி.என்.ஏ.யோ தந்தை தாயர் உடம்பினின்று மக்களுடம்பிற்கு இறங்குவது. ஒருவர் ஈட்டியது மற்றொருவர்க்குப் பிறப்புரிமையாய் வருமெனின், செய்தவர் ஒருவர், நுகர்வார் வேறொருவர் என்னும் குற்றம் வரும். மேலும், ஒரு கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர் ஏறத்தாழ ஒரே எழுத்துத்தொடரை உடையராயினும், அவருடைய குணமும் வாழ்வும் இன்பத் துன்பங்களும் முற்றும் ஒத்தனவாதல் இல்லை. எழுத்தே வினையாயின் இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது?

டி.என்.ஏ. மாயையின் காரியமாகிய உடம்பினை அமைக்கும் கருவிகளுள் ஒன்று என்று மட்டும் கொள்ளின் யாதொரு முரணும் இல்லை. குயவன் குடஞ்செய்யுமிடத்து மண்ணும் வேண்டும், தண்டசக்கரமும் வேண்டும், குயவனும் வேண்டும். மண்ணின் இயல்பை எத்துணை நுணுகி ஆராயினும் குயவன் அதனுட் காணப்படான். அதுபற்றி ஆராய்ச்சியாளரை வெறுப்பதும் தகாது. மண்ணையே குயவன் எனக் கொண்டு கூத்தாடுவதும் தகாது.

இக்கூற்றால் விளையும் தீங்கு ஏட்டளவில் நிற்பதன்று. மரபுவழி வந்த நோயுடையதோர் குழவியை மடியில் ஏந்திய தாய்க்கு, 'இஃது உன் வினை. உடம்பிலேயே எழுதப்பட்டுள்ளது' என்று கூறத் துணிவார்க்கு இது துணையாகிவிடும். வினைக்கொள்கை தன்னைத் திருத்திக்கொள்ளவும் பிறர் துயர்க்கு இரங்கவும் சொல்லப்பட்டது. பிறரைச் சுட்டிக் குற்றங்கூறுதற்குச் சொல்லப்பட்டதன்று. அன்றியும், விஞ்ஞானக் கொள்கை ஆராய்ச்சி முற்ற முற்றத் திருத்தப்படுவது. இன்றைய கொள்கையொன்றனைத் தூணாக நட்டு அதன்மேற் சாத்திரத்தை ஏற்றிவைப்பின், நாளை அத்தூண் மாற்றப்படும்போது சாத்திரமும் ஆட்டங்கண்டதாகப் பிறர் நகுவர். சாத்திரத்திற்கு அத்தகைய முட்டு வேண்டுவதில்லை.

இதுகாறும் எழுத்து அறியாது என்பது கூறப்பட்டது. அங்ஙனமாயின் எழுதிக் காத்தலாற் பயன் யாது என்னும் வினா எழும். இதனையும் ஒரு நிகழ்ச்சி கொண்டு ஆராய்தல் தகும். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்தில் கிராஸ் முதலியோர் 2015இல் இரண்டு பழைய நூல்களை டி.என்.ஏ.யில் எழுதி, அவ்விழைகளை நுண்ணிய கண்ணாடி மணிகளுள் அடக்கிக் காத்தனர். 60 முதல் 70 பாகை வெப்பத்தில் ஒரு வாரம் வரை வைத்துச் சோதித்து, மத்திய ஐரோப்பாவின் தட்பத்தில் 2,000 ஆண்டு நிற்கும் எனக் கணித்தனர். சிற்சில எழுத்துச் சிதைந்தாலும் எஞ்சியவற்றைக் கொண்டு முழுமையும் மீட்குமாறு கணித முறையும் அமைத்தனர். அவர் எழுதிய நூல்களுள் ஒன்று 1291ஆம் ஆண்டின் சுவிஸ் உடன்படிக்கை. மற்றொன்று கிரேக்கக் கணித அறிஞர் ஆர்க்கிமிடீஸ் இயற்றிய முறைநூல்.

ஆர்க்கிமிடீஸ் நூலின் வரலாறு நினைக்கத்தக்கது. அது கி.மு. 3ஆம் நூற்றாண்டினது. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் தோலேட்டிற் படியெடுக்கப்பட்டது. 1229இல் அவ்வேட்டின் எழுத்தைச் சுரண்டி, அதன்மேற் கிறித்தவ வழிபாட்டு நூலொன்று எழுதப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு, அந்நூலைக் கையில் ஏந்தி வழிபட்டோர் பலர். அவர் கண்ணெதிரே மங்கிய வரிகளாய்க் கணிதநூல் கிடந்தது. ஆயினும் அவர்க்கு அது கணிதநூல் ஆகவில்லை. 1906இல் ஹைபர்க் என்னும் டென்மார்க்கு நாட்டுப் புலவர் கான்ஸ்டாண்டிநோபிள் சென்று அதனைக் கண்டார். அவர் ஆர்க்கிமிடீசின் பிற நூல்களை முன்னரே ஆராய்ந்து பதிப்பித்தவர். ஆதலின் அவர் கண்பட்ட அளவில் அது நூலாயிற்று. தோல் கெடாது நின்றமையால் நூல் பிழைத்தது என்பது பாதி உண்மை. படிக்கவல்லார் ஒருவர் பிழைத்திருந்தமையால் நூல் பிழைத்தது என்பது மற்றைப் பாதி.

சைவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. தில்லையில் ஓரறையிற் பூட்டிக்கிடந்த தேவாரச் சுவடிகளைச் சோழமன்னரும் நம்பியாண்டார்நம்பிகளும் கண்டெடுத்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. அறை காக்கப்பட்டது, ஓலை செல்லுக்கு இரையாயிற்று. எஞ்சிய ஏடுகளை எடுத்தபின்னரும் பணி முற்றுப்பெறவில்லை. சொல் ஓலையில் இருந்தது. பண் ஓலையில் இல்லை. அதற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரைத் திருவெருக்கத்தம்புலியூரில் நாடவேண்டியதாயிற்று. பண் அவரிடத்து இருந்தது. தாயும் மகளுமாய், ஆசிரியரும் மாணாக்கருமாய்ப் பயின்று வந்த உயிர்வழியில் இருந்தது. ஓலையிற் கிடந்த பாடலும் அவ்வழியில் வந்த பண்ணும் கூடியபோதே தேவாரம் மீண்டும் ஓதப்படுவதாயிற்று.

டி.என்.ஏ. ஏட்டிற்கும் இந்நிலை வேறன்று. இழை 2,000 ஆண்டு நிற்கலாம். இழையைப் படித்தற்குரிய அட்டவணை எதன்கண் நிற்கும்? அதனையும் இழையிலேயே எழுதின், அதனைப் படிக்க மற்றோர் அட்டவணை வேண்டும். அவ்வாறு செல்லின் முடிவுபெறாது. ஓரிடத்தில் அது ஒருவர் அறிவின்கண் நின்று, அவர் வாய்வழி மற்றொருவர் அறிவினை அடைதல் வேண்டும். கற்பிப்பாரும் கற்பாரும் அற்றுப்போன நாட்டில் அழியாத ஏடும் அழிந்த ஏடே. கண்ணாடி மணிக்குள் இருக்கும் முறைநூலும், வழிபாட்டு நூலின் அடியில் மங்கிக்கிடந்த முறைநூலும் அந்நிலையில் ஒன்றே.

இதனால் எழுதிக் காத்தல் வேண்டாவெனக் கொள்ளற்க. ஓலை இல்லையாயின் பண் தங்குதற்குச் சொல் இராது. தோல் இல்லையாயின் ஹைபர்க் காண்பதற்கு ஒன்றும் இராது. கருவியின்றி உயிர் அறியமாட்டாது என்பதும் சித்தாந்தமே. கலை முதலியன கூடாதவிடத்து உயிர் ஆணவத்தான் மறைப்புண்டு கேவலத்திற் கிடக்கும் என்பர். ஆகவே நல்லதோர் கருவியை ஆக்குவார் உலகிற்கு உதவி புரிவாரே. ஓலையினும் தாளினும் நுண்ணியதாய், வெள்ளத்திற்கும் செல்லிற்கும் தப்புவதாய் ஓர் ஏட்டினை நாடி உழைக்கும் அறிஞர்க்கு நன்றி பாராட்டுதல் கடன். அவர்பால் இல்லாத வெற்றியை அவர்மேல் ஏற்றி, அறிவையே குப்பியில் அடைத்துவிட்டனர் எனப் பறைசாற்றுதலே வேண்டாதது.

எல்லாவற்றையும் சேமிக்கலாம் என்னும் வசதி வந்தபோது, சேமித்ததே கற்றது என மயங்குதல் எளிது. நூலைப் படியெடுத்து வைத்தவன் அதனைத் தன்னுடையது என்பான். அதன் பொருள் அவனுடையதாயிற்றோ என்று எண்ணான். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. ஏட்டினை மட்டும் சார்ந்த உயிர் ஏட்டின் தன்மையாகிய அறியாமையையே சாரும். ஏட்டின்வழி அதன் பொருளையும், பொருளின்வழி அதனை அருளிய பெரியோரையும் சாரும் உயிரே விளக்கம் எய்தும். இல்லத்திலும் மடத்திலும் சுவடி காப்போர், காக்கும் ஒவ்வொரு நூலுக்கும் அதனை ஓதி உணர்ந்து மற்றொருவர்க்கு உரைக்கவல்லார் ஒருவரையேனும் உண்டாக்குதல் தம் கடமையென்று கொள்ளுதல் வேண்டும். அக்கடமையை ஓலையும் தாளும் செய்யா. 300 கோடி எழுத்தைத் தன்னுள் அடக்கவல்ல நுண்ணிழையும் செய்யாது. அறிவுடைய உயிர் ஒன்றே செய்வது என்க.